மைக் இரவல், குறிப்பேடு சொந்தம்

"கிரிக்கெட் வர்ணனையாளர் ஆக என்ன சார் படிக்கணும்?" என்று கேட்டு வரும் கல்லூரிப் பிள்ளைகளுக்கு என் பதில் பிடிப்பதில்லை. ஸ்கோர் எழுதக் கற்றுக்கொள் என்பேன். குரலை எப்படி வளப்படுத்துவது, கூச்சத்தை எப்படிப் போக்குவது என்று ஏதாவது ரகசியம் கிடைக்கும் என நினைத்து வந்திருப்பார்கள். நோட்டும் பென்சிலும் என்றதும் பாதிப் பேருக்கு முகம் சுருங்கிவிடும். மீதிப் பேர் அடுத்த வாரம் போன் செய்வார்கள். அந்த மீதிப் பேருக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் ஒரு தமிழ் நாளிதழில் விளையாட்டுச் செய்தியாளராகச் சேர்ந்து, பின்னால் வானொலியில் வர்ணனை செய்து, கடைசியாகத் தொலைக்காட்சிக்கும் போனவன். முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. வெளியிலிருந்து பார்த்தால் மூன்றும் ஒரே வேலை போலத் தெரியும். உள்ளே போனால் குணமே வேறு. நாளிதழுக்கு ஆறு மணி நேர ஆட்டத்தை நானூறு சொல்லில் அடக்க வேண்டும். வானொலியில் வாயை மூடினால் ஆட்டமே நின்றுவிட்டது என்று கேட்பவர் நினைத்துக்கொள்வார். தொலைக்காட்சியில் பேச்சைக் குறைக்கத்தான் கற்றுக்கொள்ள வேண்டும். மூன்றிலும் என்னைக் காப்பாற்றியது, பார்த்ததைப் பார்த்த நொடியிலேயே குறித்துவைக்கும் பழக்கம்.

அந்தப் பழக்கம் சென்னை லீக் ஆட்டங்களில் வந்தது. வேளச்சேரி குருநானக் கல்லூரி, ஐஐடி கெம்பிளாஸ்ட், சேப்பாக்கம் பக்கம் மெரினா மைதானம் என்று சுற்றிக்கொண்டிருப்பேன். பார்வையாளர் என்று பார்த்தால் ஆடுபவர்களின் சொந்தக்காரர்கள் நாலு பேர், ஓய்வுபெற்ற வங்கி அதிகாரிகள் இரண்டு பேர், மர நிழலில் தூங்கும் ஆட்டோ டிரைவர் ஒருவர். ஆனால் ஆடுகிறவர்கள் லேசுப்பட்டவர்கள் கிடையாது. ஜாலி ரோவர்ஸ், ஆழ்வார்பேட்டை போன்ற அணிகளில் ரஞ்சிக் கோப்பையில் மாநிலத்துக்கு ஆடும் வீரர்களும் வெளி மாநில வீரர்களும் ஆடுவார்கள். அங்கே ஸ்கோரர்களின் மேஜைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தால் போதும், அதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. நடுவர் சைகை காட்டினால் ஸ்கோரர் கையை உயர்த்தி ஏற்றுக்கொண்டதாகக் காட்டும் வரை அடுத்த பந்து வீசக்கூடாது என்பதை எந்தப் புத்தகத்திலும் படித்து நான் தெரிந்துகொள்ளவில்லை. அந்த மேஜையில் பார்த்தேன்.

சாதாரண ஸ்கோர் புத்தகத்தில் ரன் இல்லாத பந்துக்கு ஒரு புள்ளி. ஆறு புள்ளியையும் சேர்த்து எம் போட்டால் மெய்டன், ரன்னே கொடுக்காத ஓவர். அதிலேயே விக்கெட் விழுந்திருந்தால் டபிள்யூ. இது முதல் படி. அடுத்த படி பில் ஃபிரிண்டால் பயன்படுத்திய நீள்வரிசை முறை. 1966 முதல் சாகும்வரை பிபிசி வானொலியின் ஸ்கோரராக இருந்தவர் அவர். ஒவ்வொரு ஓவரும் ஒரு வரி. எந்த முனையிலிருந்து யார் வீசினார், எந்தப் பந்தை யார் எதிர்கொண்டார், அப்போது மணி என்ன என்பதெல்லாம் அந்த ஒரு வரியில் இருக்கும். நான் அதில் இன்னும் ஒரு கட்டம் சேர்த்துக்கொண்டேன்: ஃபீல்டிங் மாற்றம். இரண்டாவது ஸ்லிப்பை எப்போது எடுத்தார்கள், டீப் பாயின்ட் எப்போது வந்தது. ஆட்டம் திரும்பிய இடத்தைத் தேடினால் விக்கெட் விழுந்த பந்தில் பெரும்பாலும் அது இருக்காது. அதற்கு மூன்று ஓவர் முன்னால் நடந்த ஏதோ ஒரு ஃபீல்டிங் மாற்றத்தில் இருக்கும்.

இதனால் என்ன லாபம் என்று கேட்பவர்களுக்கு நடராஜனைச் சொல்வேன். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டிக்காரர். 2015 ஜனவரியில் ரஞ்சியில் அறிமுகமானார். உடனே பந்துவீச்சு முறையில் சந்தேகம் என்று புகார் வந்தது. முறையைத் திருத்திக்கொண்டு வந்து, தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் (டிஎன்பிஎல்) ஆடி, ஐபிஎல்லுக்குப் போய், 2020 இறுதியில் வலைப்பயிற்சி பவுலராக ஆஸ்திரேலியா சென்றவர், டிசம்பர் 2 அன்று கான்பெராவில் ஒருநாள் ஆட்டத்தில் அறிமுகமானார். அடுத்த ஜனவரி 15இல் பிரிஸ்பேனில் டெஸ்ட்டும் ஆடிவிட்டார். டி20யும் சேர்த்து ஒரே சுற்றுப்பயணத்தில் மூன்று வடிவத்திலும் அறிமுகம். அந்த வாரங்களில் எல்லாப் பத்திரிகைகளும் யார்க்கர், வறுமை, சாரட் வண்டி வரவேற்பு என்று ஒரே கட்டுரையைத்தான் திருப்பித் திருப்பி எழுதின. என் பழைய நோட்டுகளில் அவர் லீக்கில் ஒரே மூச்சில் வீசிய ஓவர்கள், அதாவது ஸ்பெல்கள், இருந்தன. எந்த நேரத்தில் எத்தனை ஓவர், புதுப் பந்தா பழசா, இடதுகைக்காரருக்கு எந்தப் பக்கமிருந்து வீசினார் என்று. அதை வைத்து நான் எழுதியதில் கண்ணீர் இல்லை. ஆனால் இரண்டு பயிற்சியாளர்கள் கூப்பிட்டு அந்த நோட்டுப் பக்கங்களைக் கேட்டார்கள்.

வானொலிக்கு வருவோம். அங்கே கேட்பவருக்குக் கண் கிடையாது. நம் கண்தான் அவருக்கும். பந்து எந்த முனையிலிருந்து வருகிறது, யாருக்கு, எங்கே குத்தியது, என்ன அடி, பந்து எங்கே போனது, யார் எடுத்தார், எத்தனை ஓட்டம், இப்போது மொத்தம் என்ன. இந்த வரிசை மாறக்கூடாது. மாறினால் கேட்பவரின் மனதில் மைதானம் கலைந்துவிடும். வேகப் பந்துவீச்சாளர் என்றால் அவர் நடந்துபோய்த் திரும்பும் நேரம் நமக்குக் கிடைக்கிறது. சுழற்பந்து என்றால் மூச்சு விட நேரம் இருக்காது. கடற்காற்று எப்போது உள்ளே வந்தது, நிழல் ஆடுகளத்தில் எதுவரை வந்துவிட்டது போன்றவற்றை வேகப் பந்துவீச்சாளர் திரும்பி நடக்கும் அந்த இடைவெளியில்தான் சொல்ல வேண்டும். சேப்பாக்கத்தில் அண்ணா பெவிலியன் முனை, பட்டாபிராமன் கேட் முனை என்று சொல்லும்போது, அங்கே ஒருமுறைகூட வராத ஊர்க்காரருக்கும் மனதில் இரண்டு முனை நின்றுவிட வேண்டும்.

ஸ்கோரைச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். இதைச் சொல்லாத மூத்தவரே கிடையாது, மறக்காத புதியவரும் கிடையாது. அமெரிக்காவின் பேஸ்பால் வர்ணனையாளர் ரெட் பார்பர் மேஜையில் மூன்று நிமிட மணல் கடிகாரம் ஒன்றை வைத்திருந்தார். மணல் இறங்கியதும் ஸ்கோர், கடிகாரத்தைத் திருப்பி வைப்பது, மறுபடி ஸ்கோர். கடைக்குப் போய் வந்தவர், பஸ் ஏறி இறங்கியவர், இப்போதுதான் வானொலியைத் திருப்பியவர் என்று ஒவ்வொரு நிமிடமும் புதிதாக ஒருவர் வந்து சேர்கிறார். நான் ஓவரின் மூன்றாவது பந்திலும் ஆறாவது பந்திலும் சொல்வதை வழக்கமாக வைத்துக்கொண்டேன். கூட இருப்பவருக்கு இது சலிப்பாகத்தான் இருக்கும். இருக்கட்டும்.

தமிழ் வர்ணனை என்றால் சாத்தான்குளம் அப்துல் ஜப்பாரைச் சொல்லாமல் போக முடியாது. நாடகக் குரலிலிருந்து வந்தவர் அவர். 2020இல் காலமானார். வாக்கியத்தை முடித்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொடங்குவார். கேட்க எளிதாக இருக்கும், செய்துபார்த்தால் தெரியும். பந்து எல்லைக்கோட்டை நோக்கி ஓடும்போது நம் நாக்கு அதைவிட வேகமாக ஓடப் பார்க்கும். வினைச்சொல் வருவதற்குள் பந்தே திரும்பி வந்துவிடும். அவருடைய பதிவுகள் கிடைத்தால் கேளுங்கள், ஆனால் அவரைப் போலப் பேசிப் பார்க்காதீர்கள். அவர் மாதிரி பேசி அவர் அளவுக்கு வந்தவர் யாரும் இல்லை.

1986 செப்டம்பர் 22. சேப்பாக்கம் கேலரியில் மாணவனாக உட்கார்ந்திருந்தேன். ஆஸ்திரேலியா 574க்கு 7 டிக்ளேர். டீன் ஜோன்ஸ் நம்ம ஊர் வெயிலில் வாந்தியெடுத்தபடி 210 அடித்துவிட்டு மருத்துவமனைக்குப் போன ஆட்டம். கடைசி நாளில் இந்தியாவுக்கு இலக்கு 348. கடைசி ஓவரில் நாலு ரன் வேண்டும், ஒரு விக்கெட்தான் மீதி. ரவி சாஸ்திரி இரண்டும் ஒன்றும் எடுத்து ஸ்கோரைச் சமமாக்கினார். மறுமுனையில் மணீந்தர் சிங், பவுலர் கிரெக் மேத்யூஸ். ஐந்தாவது பந்தில் எல்பிடபிள்யூ. ஒரு பந்து மீதி இருக்க ஆட்டம் முடிந்தது. எங்கள் வரிசையில் பாதிப் பேர் "ஜெயிச்சாச்சா?" என்றார்கள், மீதிப் பேர் "டிரா" என்றார்கள். இரண்டு வரிசை கீழே டிரான்சிஸ்டரைக் காதோடு வைத்திருந்த பெரியவர் ஒருவர் திரும்பி "டை ஆயிடுச்சு" என்றார். ரன் சமமாக இருக்கும்போது கடைசியில் ஆடும் அணியின் எல்லா விக்கெட்டும் விழுந்துவிட்டால் டை, முடிவு வராமல் நேரம் தீர்ந்துபோனால்தான் டிரா. மைதானத்துக்குள் இருந்தவர்களுக்கே என்ன நடந்தது என்பதை வானொலிதான் சொல்ல வேண்டியிருந்தது. அதற்கு முன் டெஸ்ட் வரலாற்றில் ஒரே ஒரு டைதான், 1960 பிரிஸ்பேன். வர்ணனை செய்யப் போகிறவர்கள் விதிப் புத்தகத்தைப் படித்திருக்க வேண்டும் என்பது இதற்குத்தான். எழுபது வருடத்தில் ஒருமுறை வரும் விஷயம் வந்துவிட்டால் யோசிக்க மூன்று விநாடிதான் கிடைக்கும்.

அந்தப் பிரிஸ்பேன் ஆட்டத்துக்கு இன்னொரு கதை உண்டு. ஆஸ்திரேலிய வானொலியின் பெரிய குரல் ஆலன் மெக்கில்வ்ரே. நியூ சவுத் வேல்ஸ் அணியின் தலைவராக இருந்தவர். ஆட்டம் எப்படி முடியும் என்று தெரிந்துவிட்டது என்று எண்ணி, முன்னாள் வீரர் கீத் மில்லரோடு முன்கூட்டியே விமானம் பிடிக்கக் கிளம்பிவிட்டார். சிட்னியில் இறங்கிய பிறகுதான் சரித்திரத்தின் முதல் டை நடந்துவிட்டது என்று தெரிந்தது. வாழ்நாள் முழுக்க அதை நினைத்து வருந்தினார் என்பார்கள். பிரஸ் பாக்ஸில் தேநீர் இடைவேளையிலேயே பையை மூடிவைத்துவிட்டு வாட்சைப் பார்த்துக்கொண்டிருக்கும் இளையவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்வேன். கடைசி ரயிலை விட்டால் அடுத்த நாள் ஒரு ரயில் வரும்.

எழுதும் பக்கத்துக்கு 1999 ஜனவரி 31ஐ எடுத்துக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை, சேப்பாக்கத்தில் பாகிஸ்தானோடு டெஸ்ட், நாலாவது நாள். இந்தியாவுக்கு 271 வேண்டும். 82க்கு 5 போய்விட்டது. காலையிலேயே தோல்வி அறிக்கைக்கு ஒரு முன்னுரை எழுதி வைத்தேன். பிறகு சச்சினும் மோங்கியாவும் சேர்ந்து 136 ரன் போட்டார்கள். வெற்றிக்கு ஒரு முன்னுரை எழுதினேன். இரண்டும் தனித்தனித் தாளில் இருந்தன. இது யாரும் சொல்லிக்கொடுத்து வந்த பழக்கமில்லை, வெளியூர் பதிப்புப் பக்கங்கள் மூடும் நேரம் கற்றுக்கொடுத்தது. தூத்துக்குடிக்கும் நாகர்கோவிலுக்கும் போகும் பக்கம் நமக்காகக் காத்திருக்காது. அன்று மாலையில் எந்த முன்னுரை போகும் என்பது ஆட்டத்துக்குத்தான் தெரியும். ஆனால் முதல் மூன்று நாள் கதை, இன்னிங்ஸ் விவரம், அப்ரிடியின் 141, பிரசாத் 33 ரன்னுக்கு எடுத்த 6 விக்கெட் ஆகிய இவையெல்லாம் மதியத்துக்குள் டெஸ்க்குக்குப் போயிருந்தன. மேலே இருபது வரி மட்டும் காலி.

முதுகு வலியோடு ஆடிய சச்சின் 136இல் அவுட் ஆனார். சக்லைன் முஷ்தாக் பந்து, வாசிம் அக்ரம் கேட்ச். வேண்டியது 17 ரன், கையில் மூன்று விக்கெட். மீதி மூன்றும் நாலு ரன்னுக்குள் போயின. 258 ஆல் அவுட், 12 ரன் தோல்வி. சில நொடி அரங்கில் சத்தமே இல்லை. பிறகு கூட்டம் எழுந்து நின்று பாகிஸ்தான் வீரர்களுக்குக் கைதட்டியது. அவர்கள் மைதானத்தைச் சுற்றி வந்தார்கள். கைதட்டல் நிற்கவில்லை. பிரஸ் பாக்ஸில் கைதட்டக் கூடாது என்பது மரபு. அன்று என் பக்கத்தில் இருந்த இருவர் அதை மறந்தார்கள். எனக்குத் தட்ட நேரமிருக்கவில்லை, போனில் எண்களைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

டெஸ்க்கில் இருந்தவர் சச்சின் சதம் வீணானது என்று தொடங்கலாம் என்றார். எனக்கு அது பிடிக்கவில்லை. வெளியூர் பதிப்புக்கு முடிவு, வித்தியாசம், கடைசி மூன்று விக்கெட் என்று நேராகக் கொடுத்தேன். நகரப் பதிப்புக்கு மட்டும் முன்னுரையை மாற்றி எழுதினேன், அதில் கூட்டம் வந்தது. ஸ்கோர் எல்லோருக்கும் தெரிந்துவிடும். மறுநாள் காலையில் பத்திரிகையை எடுக்கிறவருக்குத் தெரியாதது அந்தக் கைதட்டல்தான். இன்று எல்லார் கையிலும் போனில் ஸ்கோர் ஓடுகிறது. அன்று கடைசியாகப் போன நகரப் பதிப்புக்கு எழுதிய முறைதான் இன்று முதல் பதிப்புக்கே பொருந்துகிறது.

போனில் எண் சொல்வது என்றேன். இதில் ஒரு கணக்கு இருக்கிறது, பல இளைஞர்களுக்குத் தெரிவதில்லை. ஸ்கோர்கார்டை அனுப்பும் முன் இரண்டு வழியில் கூட்டிப் பார்க்க வேண்டும். ஆட்டக்காரர்களின் ரன்னோடு உதிரிகளைச் சேர்த்தால் மொத்தம் வரவேண்டும். பவுலர்கள் கொடுத்த ரன்களோடு, மட்டையில் படாமல் ஓடி எடுத்த பை, லெக்பை ரன்களைச் சேர்த்தாலும் அதே மொத்தம் வரவேண்டும். வைடும் நோபாலும் ஏற்கெனவே பவுலர் கணக்கில் இருக்கின்றன, அவற்றை மறுபடி சேர்க்கக்கூடாது. பவுலர்களின் விக்கெட்டோடு ரன் அவுட்டைச் சேர்த்தால் விழுந்த விக்கெட் எண்ணிக்கை வரவேண்டும். இரண்டு நிமிட வேலை. மென்பொருள் இதையெல்லாம் செய்துவிடுகிறதே என்பார்கள். மென்பொருளுக்குள் எண்ணைப் போடுகிறவரும் மதியச் சாப்பாடு சாப்பிட்டவர்தானே.

பெயர் உச்சரிப்பு பற்றிச் சுருக்கமாக. அணிப் பட்டியல் வந்த அன்றே மேலாளரையோ அந்த நாட்டுப் பத்திரிகையாளரையோ பிடித்துக் கேட்டு, தமிழில் எழுதி மேஜையில் ஒட்டிக்கொள்ளுங்கள். வர்ணகுலசூரிய பட்டபெந்திகே உஷாந்த ஜோசப் சமிந்த வாஸ் என்று முழுப்பெயரையும் மனப்பாடமாகச் சொல்லிக் கைதட்டல் வாங்கிய காலம் எங்களுக்கு இருந்தது. அது வேடிக்கைக்கு. ஜிம்பாப்வே, ஆப்கானிஸ்தான் வீரர்களின் பெயரையும் அதே அக்கறையோடு சொல்கிறோமா என்பதில்தான் மரியாதை தெரியும்.

தொலைக்காட்சியில் தமிழ் வர்ணனை பெரிதாக வளர்ந்தது 2017இல் ஸ்டார் ஸ்போர்ட்ஸ் தமிழ் வந்த பிறகு. ஸ்ரீகாந்த், ஹேமங் பதானி, பத்ரிநாத் போன்ற முன்னாள் வீரர்கள் வந்தார்கள். ஆடிய அனுபவமில்லாத எங்களைப் போன்றவர்களுக்கு வேலை என்னவென்றால், அவர்களைப் பேச வைப்பது. அந்தப் பந்தை ஏன் விட்டார் என்று கேட்க வேண்டும். பதிலை நாமே சொல்லிவிடக் கூடாது.

தமிழ் ஒலிபரப்பில் பெரும்பகுதி மைதானத்திலிருந்து வருவதில்லை, ஸ்டூடியோவில் திரையைப் பார்த்துத்தான் பேசுகிறோம். இது ஏமாற்று என்று சிலர் சொல்கிறார்கள். 1938இல் ஆஸ்திரேலிய அணி இங்கிலாந்தில் ஆடியபோது சிட்னி ஸ்டூடியோவில் மெக்கில்வ்ரேயும் மற்றவர்களும் தந்தி வழியாக வந்த குறிப்பை வைத்துக்கொண்டே ஆட்டத்தை நேரில் பார்ப்பது போல வர்ணித்தார்கள். மட்டையில் பந்து படும் சத்தத்துக்குப் பென்சிலால் மரத்தில் தட்டுவார்கள். கூட்டத்தின் ஆரவாரம் இசைத்தட்டில். நமக்குப் படமாவது வருகிறது. ஆனால் படத்தில் தெரியாதது ஒன்று உண்டு: ஃபீல்டிங். கேமரா பந்தின் பின்னாலேயே ஓடும், ஒன்பது பேர் எங்கே நிற்கிறார்கள் என்று காட்டாது. ஓவர் இடைவேளையில் அகலக் காட்சி ஒரு கணம் வந்து போகும்போது தாளில் ஒரு வட்டம் போட்டு ஒன்பது புள்ளி வைத்துவிடுவேன். ஒரு முழு ஆட்டத்துக்கு இருபது முப்பது வட்டம் வரும். லாங்-ஆனில் ஆள் இருக்கிறாரா இல்லையா என்று தெரியாமல் "சிக்ஸர்" என்று கத்துவதைவிட அந்த வட்டத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுப் பேசுவது நல்லது.

காதில் தயாரிப்பாளர் பேசிக்கொண்டே இருப்பார். ஐந்து, நாலு, மூன்று என்று எண்ணுவார். ஐபிஎல்லில் ஆறாவது பந்து முடிந்ததும் விளம்பரம் பாய்ந்து வந்துவிடும், நம் வாக்கியம் பாதியில் அறுபடும். அதனால் ஓவரின் சுருக்கத்தை ஐந்தாவது பந்துக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். ஆறாவது பந்தில் ஏதாவது நடந்தால் ஒரு சொல் போதும். படத்தோடு சேர்க்க நம்மிடம் ஏதாவது இருந்தால் மட்டும் பேசு என்பது ஆஸ்திரேலிய வர்ணனையாளர் ரிச்சி பெனோவின் விதி. அவர் விட்ட இடைவெளிகளைக் கேட்டுப் பாருங்கள். தமிழில் மௌனத்துக்கு இன்னும் இடம் கிடைக்கவில்லை. பண்டிகை நாள் பட்டிமன்றம் மாதிரி எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுகிறோம். இது என் தனிப்பட்ட முணுமுணுப்பு.

பெனோ ஆஸ்திரேலிய அணித்தலைவராக மட்டும் வந்தவரில்லை. சிட்னியில் ஒரு மாலைப் பத்திரிகையில் காவல்துறைச் செய்தி எழுதி வளர்ந்தவர். 1956 இங்கிலாந்துச் சுற்றுப்பயணம் முடிந்ததும் அங்கேயே தங்கி பிபிசியில் தொலைக்காட்சிப் பயிற்சி எடுத்துக்கொண்டார். இங்கிலாந்தின் ஜான் ஆர்லட் போலீஸ்காரராக இருந்து, கவிதை எழுதி, வானொலிக்கு வந்தவர். கார்டியன் நாளிதழுக்கும் எழுதினார். பார்படோஸின் டோனி கோஸியர் பத்திரிகையாளரின் மகன், கனடாவில் இதழியல் படித்தவர், வெஸ்ட் இண்டீஸ் கிரிக்கெட்டுக்கு ஆண்டுமலர் நடத்தியவர். வானொலி, தொலைக்காட்சி, எழுத்து மூன்றிலும் ஒரே நாளில் வேலை செய்யக்கூடியவர். இவர்கள் எல்லோரும் பேனாவை விடாதவர்கள். ஆர்லட் 1980இல் லார்ட்ஸில் கடைசி வர்ணனையை முடித்தபோது விடை பெறும் உரை எதுவும் சொல்லவில்லை. ஓவரை முடித்தார், அடுத்து யார் பேசுவார் என்று சொன்னார், எழுந்துவிட்டார்.

உடம்பைப் பற்றிச் சிறிது. வர்ணனைக்கு முன் வயிறு முட்டச் சாப்பிடாதீர்கள். பிரியாணி நாளில் மதியத்துக்குப் பிறகான முதல் அரை மணி நேரத்துக்கு யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், அது புதியவர் தலையில்தான் விழும். ஏசி ஸ்டூடியோ தொண்டையை வறட்டும். வெதுவெதுப்பான தண்ணீரைச் சிறிது சிறிதாகக் குடிக்க வேண்டும். அதிகம் குடித்தால் வேறு அவஸ்தை, பாதியில் எழுந்து போக முடியாது. குரலை உயர்த்துவது ஒரு ஆட்டத்தில் இரண்டு மூன்று தடவைக்கு மேல் வேண்டாம். எல்லாவற்றுக்கும் கத்தினால் உண்மையிலேயே பெரிய சம்பவம் வரும்போது உயர்த்த ஒன்றும் மீதி இருக்காது.

பணம். யாரும் இதைப் பேசுவதில்லை. பெரும்பாலானவர்களுக்கு மாதச் சம்பளம் கிடையாது, ஆட்டத்துக்கு இவ்வளவு, நாளுக்கு இவ்வளவு என்பதுதான். கொடுக்கும்போதே 10 சதவிகிதம் வருமான வரி (டிடிஎஸ்) பிடித்துவிடுவார்கள். அது உங்கள் வரிக் கணக்கில் வந்திருக்கிறதா என்று ஆண்டுக்கொரு முறை பார்க்காவிட்டால் திரும்ப வாங்குவது கஷ்டம். ஐபிஎல் இரண்டு மாதம், உள்ளூர் சீசன் அக்டோபரிலிருந்து மார்ச் வரை. நடுவில் ஜூன், ஜூலை வறண்ட காலம். வீட்டு வாடகைக்கு ஜூலை தெரியாது. அந்த மாதங்களில் பத்தி எழுதியும் மொழிபெயர்த்தும் மாவட்டப் போட்டிகளுக்குப் போயும் சமாளித்தேன். திருமணமாகி இரண்டு பிள்ளைகள் இருக்கும்போது இதை மட்டும் நம்பி வேலையை விடாதீர்கள் என்று நேராகவே சொல்லிவிடுகிறேன்.

வீரர்களோடு எவ்வளவு நெருங்கலாம் என்ற கேள்வி எப்போதும் வரும். 2013 மே மாதத்தில் ஐபிஎல் சூதாட்டக் கைதுகள் நடந்தபோதும், 2015 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அமைத்த லோதா குழு சென்னை, ராஜஸ்தான் அணிகளை இரண்டு ஆண்டுக்கு விலக்கியபோதும் எங்கள் வாசகர்களில் பலர் மஞ்சள் சட்டைக்காரர்கள். எதை எழுதினாலும் திட்டு வந்தது. அப்போது ஒன்று செய்தேன். காதில் விழுந்தவை எதையும் தொடவில்லை. சூதாட்டத்தை விசாரித்த முத்கல் குழு அறிக்கையையும் 2015 ஜனவரி 22 உச்ச நீதிமன்றத் தீர்ப்பையும் பக்கம் பக்கமாகப் படித்து, அவற்றில் இருந்ததை மட்டும் எழுதினேன். திட்டு குறையவில்லை. மறுப்பு ஒன்றும் வரவில்லை. வீரர்களோடு சாப்பிடலாம், பேசலாம். ஒரு நாள் அவர்களைப் பற்றிக் கடுமையாக எழுத வேண்டி வரும், அதன் பிறகும் அவர்கள் வணக்கம் சொல்வார்கள் என்ற அளவுக்குள் நட்பை வைத்துக்கொண்டால் இரண்டு பக்கமும் பிழைக்கும்.

மைக்குக்கு வேறு சட்டம். மைக் யாருடைய காசில் ஓடுகிறதோ அவருக்குத்தான் சொந்தம். 2016 ஐபிஎல் தொடங்கும் முன் ஹர்ஷா போக்ளேயின் பெயர் வர்ணனையாளர் பட்டியலிலிருந்து போய்விட்டது. இந்தியாவிலேயே அதிகம் அறியப்பட்ட குரல். காரணம் என்ன என்று தனக்கே சொல்லப்படவில்லை என்று அவர் எழுதினார். பிறகு திரும்பி வந்தார். அவருக்கே அப்படி என்றால் நம்மைப் போன்றவர்களுக்கு எப்படி இருக்கும் என்று பாருங்கள்.

எனக்கும் ஒரு சீசனில் அழைப்பு வரவில்லை. முந்தின வருடம் ஒரு தொடரில் அணித் தேர்வு ஒன்றை விமர்சித்திருந்தேன். அது காரணமா, புதுக் குரல் வேண்டும் என்று நினைத்தார்களா, எனக்குத் தெரியாது. கேட்டேன், பதில் வரவில்லை. இரண்டாவது முறை கேட்கவில்லை. அந்த மாதங்களில் திண்டுக்கல் பக்கம் நத்தத்துக்கும், திருநெல்வேலி சங்கர் நகருக்கும், சேலத்துக்கும் உள்ளூர் ஆட்டங்களுக்குப் போனேன். எல்லா இடத்திலும் ஸ்கோரர் மேஜை இருந்தது, பக்கத்தில் நாற்காலி போட இடமும் இருந்தது. திரும்பி வந்து ஒரு வார இதழில் பத்தி தொடங்கினேன். வர்ணனையில் ஒரு நாளில் வரும் தொகை அங்கே ஒரு மாதத்துக்கு வந்தது.

அடுத்த வருடம் கூப்பிட்டார்கள். போனேன். பத்தியை நிறுத்தவில்லை.